தொலைதூர வேட்டைக்கு எந்த ரைஃபிள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நம்மூரில் துப்பாக்கியைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. புதுச்சேரி, கடலூர் பக்கம் தெருவுக்கு ஒருவராவது பிரான்சிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். அங்கே உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகலாம். இங்கே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு அந்தக் கதை முடிந்தது. எந்தப் பதில் எந்த ஊருக்கு என்று பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

என் மகன் டெக்சாஸில் கிரீன் கார்டில் இருக்கிறான். மான் வேட்டைக்கு, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்க ஆசைப்படுகிறான். எல்லாம் சேர்த்து 1,000 டாலருக்குள் வேண்டுமாம். தூரத்திலிருந்து சுடத் தோதாக எது நல்லது? — முதலியார்பேட்டை வாசகர்

ஐயா, முதலில் ஒரு நல்ல செய்தி. இன்றைய மலிவு ரைஃபிள்கள் முப்பது வருடத்துக்கு முன்பிருந்த விலை உயர்ந்த ரைஃபிள்களுக்குச் சளைத்தவை அல்ல. சாவேஜ் ஆக்சிஸ், ருகர் அமெரிக்கன், மாஸ்பெர்க் பேட்ரியாட் இந்த மூன்றும் ஏறக்குறைய 400 முதல் 650 டாலருக்குள் கிடைக்கும். கடைக்குக் கடை விலை மாறும். மூன்றில் எனக்கு ருகர்தான் பிடிக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட்டில் மூன்று பூட்டு நாக்குகள் இருப்பதால் கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும், மேலே இருக்கும் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில், விரல் இடிக்காது. சாவேஜில் ட்ரிகர் நன்றாக இருக்கும், ஆனால் குழலைத் தாங்கும் அதன் பிளாஸ்டிக் கட்டை ரொம்ப மெலிசு. முன்பக்கத்தைக் கையால் பிடித்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை வளைந்து குழலைத் தொட்டால் அந்த ரைஃபிளை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கட்டும். குழல் எதையும் தொடாமல் நின்றால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். கடையிலேயே குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கொஞ்சம் கூடப் போட முடிந்தால் பின்லாந்தில் சாக்கோ கம்பெனி செய்யும் டிக்கா டி3எக்ஸ். அந்த போல்ட் வழுக்கிக்கொண்டு போகும் சுகத்தை ஒருமுறை பார்த்தவன் வேறெதையும் எளிதில் தொடமாட்டான். ஆனால் அதை வாங்கினால் ஸ்கோப்புக்குக் காசு மிஞ்சாது. பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். 900 டாலர் ரைஃபிள் மேல் 80 டாலர் ஸ்கோப்பை மாட்டிவிட்டு, குண்டு எங்கெங்கோ போகிறது என்று புலம்புவார்கள். இந்த பட்ஜெட்டில் ரைஃபிளுக்கு 500, ஸ்கோப்புக்கும் அதைப் பிடிக்கும் வளையங்களுக்கும் 300, மிச்சம் முழுவதும் பயிற்சித் தோட்டாவுக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ரைஃபிளோடு சேர்த்தே மாட்டி விற்கும் ஸ்கோப்பை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. டெக்சாஸில் பெரும்பாலும் தனியார் நிலத்தில், மறைவிடத்தில் உட்கார்ந்து, தீவனம் போட்ட இடத்துக்கு வரும் மானைத்தான் சுடுகிறார்கள். அது 100 கஜம் சுமாருக்குத்தான் இருக்கும். மாநிலத்தின் மேற்கே வெட்டவெளிக்குப் போனால்தான் நீண்ட தூரம் என்ற பேச்சே வரும். அப்புறம், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அங்கே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். தம்பி அதை முதலில் முடிக்கட்டும்.

தோட்டா ரகத்தில் 6.5 கிரீட்மோரா, .308-ஆ? — நெல்லிக்குப்பம் வாசகர், அண்ணனுக்காக

1952-இல் வந்த .308 வின்செஸ்டருக்கு எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும், ரகமும் ஏராளம். 2007-இல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மோரின் குண்டு மெல்லியதாக, நீளமாக இருப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது, தோளில் உதையும் குறைவு. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு உதை குறைவது பெரிய விஷயம். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவன் கையில் எந்த ரைஃபிளும் சரியாகச் சுடாது. மானுக்கு 6.5, எல்க் மான் மாதிரி பெரிய உருப்படி என்றால் .308 அல்லது .30-06. அதற்கு மேல் இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

யூடியூபில் 800 மீட்டரில் மானை அடிக்கிறார்கள். சாதாரண ரைஃபிளால் முடியுமா? — லாஸ்பேட்டை வாசகர்

ரைஃபிளால் முடியும். சுடுகிறவரால் முடியுமா என்பதுதான் கேள்வி. கணக்கைப் பாருங்கள்.

165 கிரெய்ன் (குண்டை எடைபோடும் அளவு) எடையுள்ள .308 குண்டு நொடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கஜத்தில் சரியாகக் குறியில் விழும்படி ஜீரோ செய்திருக்கிறீர்கள். 300 கஜத்தில் அது ஏறக்குறைய 8 அங்குலம் கீழே இறங்கியிருக்கும், 400-இல் 2 அடி, 500-இல் 4 அடி. இந்த இறக்கம் அட்டவணையில் இருக்கிறது, ஸ்கோப்பின் குமிழைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். காற்றுக்கும் பக்கவாட்டுக் குமிழ் உண்டு, ஆனால் காற்று எவ்வளவு என்று எந்த அட்டவணையும் சொல்லாது. பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று வீசினால், அதாவது தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் சட்டையைப் படபடக்க வைக்கும் அளவு காற்று, 400 கஜத்தில் குண்டு ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக விலகும். 500-இல் இருபது அங்குலம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம்தான். காற்றைப் பாதியாகக் கணித்தால்கூட குண்டு வயிற்றில் பாயும். அந்த மிருகம் புதருக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து சாகும்.

வேறொரு சங்கதியும் உண்டு. 500 கஜத்தைக் கடக்கக் குண்டுக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டால் நீங்கள் பார்த்த குறி அங்கே இல்லை.

பென்ச் மேல் மணல் மூட்டை வைத்துச் சுடும் கணக்கை விட்டுவிடுங்கள். காட்டில் படுத்தோ, உட்கார்ந்தோ, மூச்சு வாங்க நடந்து வந்த நிலையிலோ, முதல் தோட்டாவே 8 அங்குலத் தட்டில் பத்துக்குப் பத்து விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பெரும்பாலோருக்கு அது 250 கஜத்தைத் தாண்டாது. யூடியூபில் தவறிய குண்டை யாரும் காட்டுவதில்லை.

தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்தவர். நாங்கள் இப்போது லியோனில் இருக்கிறோம். காட்டுப்பன்றி வேட்டைக் குழுவில் சேரப்போகிறேன். தொலைதூர ரைஃபிள் வாங்கலாமா? — புதுச்சேரி குருசுக்குப்பத்தைச் சேர்ந்தவர்

வேண்டாம் தம்பி. பிரான்சில் பன்றி வேட்டை என்றால் பெரும்பாலும் நாயும் ஆளும் விரட்ட, வரிசையாக நின்று சுடுவது. பன்றி ஐம்பது அறுபது மீட்டரில் ஓடிக் கடக்கும். கனத்த குழலும் பெரிய ஸ்கோப்பும் அங்கே சுமைதான். 1-இலிருந்து 6 மடங்கு வரை பெரிதாக்கும் சின்ன ஸ்கோப், சீக்கிரம் தோளுக்கு வரும் ரைஃபிள், .30-06 மாதிரி ஒரு தோட்டா போதும். மலைப்பக்கம் ஷாமுவா என்னும் மலையாடு வேட்டைக்குத் தனியாகப் போகும் நாள் வந்தால் நீண்ட தூரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

சட்டப்படி போல்ட் ரைஃபிள் அங்கே ஆயுத வகைப்பாட்டில் சி பிரிவு. பத்துத் தோட்டா மேகசீனிலும் ஒன்று குழலிலுமாகப் பதினொன்றுக்கு மேல் கூடாது. வேட்டை உரிமத் தேர்வை பல்லுயிர் அலுவலகமான ஓஎஃப்பி நடத்துகிறது. 31-க்கு 25 எடுக்க வேண்டும். பாதுகாப்பில் ஒரு பெரிய தப்பு செய்தால் மதிப்பெண் எத்தனை இருந்தாலும் அன்றே வெளியே. ஆயுதப் பதிவுக்கான எஸ்ஐஏ இணையக் கணக்கையும் தொடங்கிவிடுங்கள், அது இல்லாமல் கடையில் கைக்கு வராது.

பண்ருட்டி பக்கம் மணிலாக் கொல்லை. காட்டுப்பன்றி ராத்திரியில் புரட்டிப் போட்டுவிடுகிறது. உரிமம் உள்ள .315 ரைஃபிள் இருக்கிறது. கேரளாவில் சுடுகிறார்களே, நானும் சுடலாமா? — விவசாயி ஒருவர்

கூடாதுங்க. உங்கள் கையில் இருப்பது துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம், வேட்டை உரிமம் இல்லை. காட்டுப்பன்றி இப்போதும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதித்தால் மட்டுமே சுட முடியும். கேரளாவில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து இங்கே சுட்டால் பன்றிக்கு ஒரு வழக்கு, ஆயுதச் சட்டத்தில் இன்னொரு வழக்கு, துப்பாக்கியும் போய்விடும்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் பகுதி சமதரை. பின்னால் மண்மேடு இல்லாமல் விட்ட .315 குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும், முந்திரித் தோப்புக்கு அப்பால் யார் வீடு இருக்கிறதோ யாருக்குத் தெரியும். அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியும் திருட்டு மின்வேலியும் அதைவிட மோசம், ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகும் ஆள்தான் அதில் மாட்டுகிறார். சேதத்தை அன்றைக்கே கைபேசியில் படம் எடுத்து, விஏஓவுக்கும் வனச்சரகருக்கும் மனு கொடுங்கள். இழப்பீடு தாமதமாக வரும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மனு இல்லாவிட்டால் அதுவும் வராது.

அப்பாவின் பழைய .315 இஷாப்பூர் ரைஃபிள் துருப்பிடிக்கிறது. கடற்கரையிலிருந்து அரை மைல்தான். — மஞ்சக்குப்பம் வாசகர்

எதில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. தோல் உறையில் என்றால் முதலில் வெளியே எடுங்கள். தோலும் பஞ்சும் உப்புக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி, வருடம் முழுக்க இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெளியே தெரியும் துரு சாதாரணம். இந்த ரைஃபிள் பழைய லீ-என்ஃபீல்ட் ராணுவ ரைஃபிளின் வழி வந்தது, குழலின் அடியை மரம் மூடியிருக்கும். மரமும் இரும்பும் சேரும் அந்த விளிம்பில்தான் துரு உள்ளே வேலை செய்யும். கட்டையைக் கழற்றினால் குழலின் அடிப்பகுதியில் காப்பித்தூள் தூவியது மாதிரி பொடி கொட்டும். மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். விரல் நகத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறை எண்ணெய்த் துணியால் துடைப்பது, அலமாரியில் சிலிக்கா ஜெல் பை போடுவது, இவ்வளவுதான் பராமரிப்பு. அடியில் கேஎஃப் (கிர்க்கி தொழிற்சாலை) முத்திரை உள்ள பழைய தோட்டாக்களில் பச்சை படிந்திருந்தால் சுட வேண்டாம்.

அப்பா காலமாகிவிட்டார் என்றால், உங்கள் பெயரில் உரிமம் வரும்வரை அது உங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். அமெரிக்காவில் ரைஃபிள் வாங்கலாமா? — கடலூரைச் சேர்ந்தவர், நியூஜெர்சி

பொதுவாகக் கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை உரிமம் கையில் இருந்தால் கூட்டாட்சிச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியான மறுநாள், வீட்டில் இருக்கும் ரைஃபிளே குற்றம். நியூஜெர்சி விதிகள் இன்னும் கடுமை. வாங்குவதற்கு முன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது விசாவை இழப்பதைவிட மலிவு.

மகளுக்குப் 13 வயது. துப்பாக்கி சுடும் போட்டியில் ஆர்வம். எந்த ரைஃபிள் வாங்கித் தருவது? — திருப்பாதிரிப்புலியூர் அம்மா ஒருவர்

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் அம்மா. ஆறு மாதம் கிளப்பின் ரைஃபிளிலேயே சுடட்டும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், ஸ்கோப் கிடையாது. மணிக்கணக்கில் ஆடாமல் நிற்கும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். வாங்கும்போது 4.5 மில்லிமீட்டர் துளை, 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால் ஆயுத உரிமம் தேவையில்லை. ரைஃபிளுக்கு முன்னால் அவள் அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டும் காலணியும். ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர்தான், வளர்ந்து பயிற்சி எடுத்தது குஜராத்தில். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் பிரிவு .22 ரைஃபிளில் நடப்பது. அந்தப் பக்கம் வரும்போது உரிமம், தோட்டாக் கணக்கு என்று வேலை கூடும், செலவும் கூடும்.

அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு தோட்டாவை ஞாபகார்த்தமாகக் கொண்டு வரலாமா? — அரியாங்குப்பம் வாசகர்

கூடவே கூடாது. பையில் மறந்து கிடந்த ஒரே ஒரு தோட்டா போதும், விமான நிலையத்திலேயே ஆயுதச் சட்டத்தில் வழக்கு. வேட்டைக்குக் கொண்டுபோன பையை ஊருக்குக் கொண்டு வராதீர்கள். அதன் ஓரப் பைகளில்தான் தோட்டா ஒளிந்துகொள்ளும்.