அம்மாவின் குளிசை நிறம் மாறிவிட்டது, கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கிறது. ஒட்டுசுட்டானில் இருந்து மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். இந்த முறை பிறஷர் குளிசை முடிந்துவிட்டதென்று வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள். துண்டில் லொசார்டன் 50. கடையில் தந்த பெட்டியில் வேறு பெயர், குளிசையும் வேறு நிறம். போன மாதத்து வெள்ளைக் குளிசையும் கொஞ்சம் கிடக்கிறது. இரண்டையும் கொடுக்கலாமா?

பதில்: சேர்த்துக் கொடுக்க வேண்டாம், தங்கச்சி. பெட்டியில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் லொசார்டன் 50 மில்லிகிராம் என்று இருந்தால் இரண்டும் ஒரே மருந்துதான். இரண்டையும் கொடுத்தால் எழுதியதைப் போல இரண்டு மடங்கு. பிறஷர் கூடுதலாக இறங்கி, இரவில் எழும்பும்போது தலை சுற்றி விழுவா. நீங்களோ சீனி இறங்கிவிட்டதென்று சீனித்தண்ணி பருக்கிக்கொண்டிருப்பீர்கள். பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்று இன்னொரு பெயரும் சேர்ந்திருந்தால் அது வேறு குளிசை, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

நிறம் ஏன் மாறுகிறது? அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரித்தான் மருந்து வாங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கம்பனி. நிறத்துக்குப் பயப்படத் தேவையில்லை.

ஒன்றைத் தவிர. இதயத்தில் செயற்கை வால்வு போட்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் குடிக்கிறவர்கள், நிறம் மாறினால் வாயில் போட முன் ஆஸ்பத்திரி பாமசியில் காட்டியே ஆகவேண்டும். அந்தக் குளிசை 1, 3, 5 மில்லிகிராம் என்று வரும். ஒன்றுக்குப் பதில் ஐந்து கைக்கு வந்தால் ஐந்து மடங்கு. பல்லீறில் இருந்து மூளை வரை எங்கேயும் இரத்தம் கசியலாம். கம்பனி மாறினாலும் கிளினிக்கில் சொல்லி இரத்தம் சோதியுங்கள். உங்கள் அம்மா அதைக் குடிக்கவில்லை என்று தெரியும். பக்கத்து வீட்டில் யாராவது குடிப்பார்கள், சொல்லிவிடுங்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். "கிளினிக் கொப்பியைத் தாங்கோ, நான் மருந்து எடுத்து வாறன்" என்று ஊருக்கொருவர் இருக்கிறார். பத்துக் கொப்பி, பத்துப் பை, ஒரே சாக்கு. மருந்து மாறுவது ஒரு பக்கம். பாமசிக்காரர் கொப்பியைப் பார்த்து அளவு சரியா, ஒன்றுக்கொன்று ஒத்துவருமா என்று பார்த்து, எப்படிக் குடிக்க வேண்டுமென்று வாயால் சொல்கிறார் அல்லவா, அது அந்த ஆளின் காதோடு போய்விடுகிறது. அம்மா முழங்கால் உளைவுக்குக் கடையில் டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை வாங்கிப் போடுகிறாவா என்று அவரிடம் கேட்டு என்ன பயன்? லொசார்டனோடு அதைச் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

கடையிலும் கவனம். "அதேதான் அக்கா" என்று எடுத்துத் தருகிற பெடியன் மருந்தாளர் இல்லை. பதிவுபெற்ற மருந்தாளர் நின்றுதான் மருந்து கொடுக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் கடைக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். அது சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள். பில்லும் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு தொகுதி பழுதென்று திருப்பி எடுக்கச் சொன்னால் உங்களிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டாமா?

ஆஸ்பத்திரியிலும் குறை இருக்கிறது. விடியப் பஸ் பிடித்து வந்த சனத்துக்கு ஒரே ஜன்னல், ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம். பையில் எழுதிக் கொடுப்பது இங்கிலீசில். பாமசிக்கு இன்னும் ஆள் தாருங்கள் என்று எழுதி எழுதி என் கையும் ஓய்ந்துவிட்டது. அதற்காக நீங்கள் பேசாமல் திரும்பாதீர்கள். "இது எதுக்கு, எப்ப, எத்தனை?" என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இரண்டும் லொசார்டன் 50தான் என்றால், இப்போதைக்கு வெள்ளையை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். அடுத்த கிளினிக்குக்கு வீட்டில் கிடக்கிற குளிசை எல்லாவற்றையும் பெட்டியோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அதற்கு முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: 30 நாளுக்கு 30 குளிசை தந்தால் மிச்சம் எப்படி வந்தது? வெள்ளிக்கிழமை விரதத்தோடு குளிசையையும் விட்டுவிடுகிறாவோ?