றங்குப் பெட்டியில் எதை எறிவது?

அன்புள்ள ஐயா,

1995 இடப்பெயர்வில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த றங்குப் பெட்டியைப் போன கிழமை திறந்தோம். அம்மம்மாவின் அட்டியல், வெற்றிலைத் தட்டம், காணி உறுதிகள், யாரென்று தெரியாதவர்களின் படங்கள், ஒரு கட்டு அந்தியேட்டிக் கல்வெட்டுகள். தொடர்மாடி வீட்டில் இடமில்லை, பிள்ளைகள் கனடாவில். உறுதிகளை லாமினேட் செய்துவிட்டு, கல்வெட்டுகளை எறிந்துவிடலாமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

தயவுசெய்து எறிய வேண்டாம். அந்தப் பெட்டியில் முதலில் காப்பாற்ற வேண்டியதே அந்தக் கல்வெட்டுக் கட்டுத்தான். ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் தேவாரங்களோடு இறந்தவரின் வரலாறும் இருக்கும்: பெற்றோர், கூடப்பிறந்தவர்கள், எந்த ஊரில் சம்பந்தம், யார் மருமகன். சிலதில் வம்சாவளியும் உண்டு. இப்படியொரு குடும்பப் பதிவு வேறு எந்த அலுமாரியிலும் கிடைக்காது.

கல்வெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களை அம்மாவிடம் காட்டுங்கள். "இது ஆர்?" என்று மொட்டையாகக் கேட்டால் நினைவு வராமல் போகலாம். "சின்னம்மாவின்ர மச்சானோ?" என்று கேட்டால், இல்லையென்று மறுத்தாவது கதைக்கத் தொடங்குவார். போனில் பதிவுசெய்யுங்கள். பெயர்களைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அதற்குக் கடித உறையில் எழுதி உள்ளே வையுங்கள்.

லாமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் உரிக்க முடியாது. அப்புறம், கல்வெட்டுகளின் நடுவிலுள்ள கம்பிப் பின்னைப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அது துருப்பிடித்து, சுற்றிவரத் தாள் பழுப்பாகி, தொட்டால் உதிரும். பின்னை மெல்ல நிமிர்த்திக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் கட்டுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். காகித உறை, காற்றோட்டமான தட்டு, இவ்வளவும் போதும்.

படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைக் கனடாவுக்கு அனுப்புங்கள். அட்டியலைப் பிள்ளைகள் கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையில் கொடுத்து உருக்கிப் புதிதாகச் செய்யக் கேட்டால், அது குடும்பத்தின் முடிவு. ஆனால் அதற்கு முன் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, எடையையும் யார் யார் கழுத்தில் இருந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.

2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்களும் சேர்ந்திருக்கின்றன. உங்கள் கட்டையும் ஸ்கேன் செய்யக் கொடுக்கலாமா என்று அவர்களிடம் கேளுங்கள். உயிரோடிருப்பவர்களின் விவரம் அதில் இருந்தால், முதலில் அவர்களிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.