சிமோன் லீயின் கண்ணில்லாப் பெண்கள்: கேள்வி பதில்

சிற்பி சிமோன் லீயைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் விமர்சகி இல்லை. மண் பிசைந்து சூளை வைத்துப் பிழைப்பவள். அந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் வரும்.

அக்கா, முதலில் யார் இவர்? இரண்டு வரியில் சொல்லுங்களேன்.

1967இல் சிகாகோவில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்த கிறித்தவ ஊழியர்கள். கல்லூரியில் தத்துவமும் கலையும் படித்தார், மட்பாண்டத்தில் விழுந்தார். மண் வேலையைக் கைவினை என்று ஒதுக்கிவைத்த காலம் அது, கவனம் கிடைக்கப் பல வருடம் ஆனது. இத்தாலியில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாடுகள் தனித்தனி அரங்கு வைக்கும் கலைக் கண்காட்சி வெனிஸ் பியென்னாலே. அதில் 2022இல் அமெரிக்க அரங்கு முழுவதும் அவருடையது. அந்த வாய்ப்பைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதே வருடம் மையக் கண்காட்சிக்கான தங்கச் சிங்கம் விருதும் அவருக்கே.

'புலம்பெயர் ஆப்பிரிக்கர்' என்கிறார்கள். நாம் 'புலம்பெயர் தமிழர்' என்கிறோமே, அதே பொருளா?

சொல் ஒன்றுதான், கனம் வேறு. சங்கிலியில் கட்டிக் கப்பலேற்றப்பட்டவர்களைப் 'பெயர்ந்தவர்கள்' என்று சொல்ல எனக்கு நா கூசும். லீயின் குடும்பக் கதையில் இரண்டும் உண்டு: முன்னோர் ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், பெற்றோர் அங்கிருந்து தாங்களாகவே அமெரிக்கா போனவர்கள்.

நியூயார்க்கில் ஒரு பழைய ரயில் பாலத்தின் மேல் பெரிய பெண் தலை ஒன்றைப் படத்தில் பார்த்தேன். கீழே உடம்புக்குப் பதில் குடிசை மாதிரி இருந்தது. அது இவருடையதா?

அவருடையதேதான். பெயர் 'பிரிக் ஹவுஸ்', 16 அடி வெண்கலம். சரக்கு ரயில் ஓடிய ஹைலைன் பாலம் இப்போது பூங்கா. அங்கே 2019 ஜூனில் வைத்தார்கள், 2021 வரை நின்றது.

குடிசை என்று உங்கள் கண்ணில் பட்டது சரி. அது ஒரு வீடு அல்ல, மூன்று. முதலாவது, கேமரூன், சாட் பகுதியில் முஸ்கும் மக்கள் கட்டும் மண் வீடு. மரச்சட்டமே இல்லாமல், கவிழ்த்துவைத்த பானை போல எழும்பும். வெளிச்சுவரில் வரிவரியாகப் புடைப்புகள் இருக்கும். பார்ப்பதற்கு அலங்காரம், ஆனால் மழைநீரை வழியவிடுவதும் அவைதான், பூச்சு பூச ஏறும்போது கால் வைக்கும் படியும் அவைதான். இரண்டாவது, டோகோ, பெனின் எல்லையில் பத்தாமலிபா மக்களின் கோபுர வீடு. அவர்கள் வீட்டின் பாகங்களை மனித உடலின் பாகங்களாகவே சொல்வார்கள்.

மூன்றாவதுதான் முள். மிசிசிப்பி மாநிலம் நாட்செஸ் ஊரில் 1940இல் சாலையோரமாக ஓர் உணவகம் கட்டினார்கள். கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தியின் ராட்சத உருவம், அவள் பாவாடைதான் சாப்பாட்டுக் கூடம். அவளுக்குள்ளே நுழைந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். லீ அந்தக் கேலியைக் கையில் எடுத்து, முஸ்கும் சுவரின் வரிகளைப் போட்டு, உள்ளே போக வழியில்லாமல் மூடிவிட்டார். 2019இல் நேரில் போய்ச் சுற்றிச்சுற்றி வந்தேன். கீழே டாக்சிகள் ஓடிக்கொண்டிருக்க, அவள் பாட்டுக்கு நின்றாள்.

நம்மூரில் கண் திறந்தால்தான் சிலைக்கு உயிர். இவர் கண்ணே வைப்பதில்லையே, ஏன்?

பலரும் கேட்டிருக்கிறீர்கள். கண் வைக்காததால் அது இன்னார் என்று ஓர் ஆளின் முகமாகக் குறுகுவதில்லை. அது ஒரு காரணம். மற்றது என் ஊகம்: ஏலமேடையிலும் காலனிக்கால அஞ்சலட்டைகளிலும் இந்தப் பெண்களை ஊரே உற்றுப் பார்த்திருக்கிறது. லீயின் பெண்கள் திரும்பி முறைப்பதுமில்லை, இறைஞ்சுவதுமில்லை. நீ பார்த்துக்கொள், எனக்கு உள்ளே வேலை இருக்கிறது என்பது போல. தன் படைப்புக்கு முதல் பார்வையாளர் கறுப்பினப் பெண்கள்தான் என்று லீ வெளிப்படையாகச் சொன்னவர்.

சோழி சோழியாகச் செய்கிறாரே, பல்லாங்குழி விளையாட்டா? :)

சிரிப்பான கேள்விதான், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் சோழி பணமாகப் புழங்கியது. அதில் பெரும்பகுதி நம் பக்கத்து மாலத்தீவுக் கடலில் எடுத்தது. ஐரோப்பியக் கப்பல்கள் அதை அள்ளிக்கொண்டு போய் அங்கே கொட்டி மனிதர்களை வாங்கின. லீ தர்ப்பூசணியிலிருந்து அச்செடுத்து, அதில் பெரிய பெரிய சோழிகளை வார்க்கிறார். தர்ப்பூசணியும் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் கிண்டலடிக்க வரைந்த பழம் அது.

சுவாமிமலை வேலைக்கும் இவர் வெண்கலத்துக்கும் என்ன வித்தியாசம்?

சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உள்ளே கெட்டியாக வார்ப்பார்கள். 16 அடிக்கு அப்படிச் செய்தால் பாலமே தாங்காது. இந்த அளவு சிலை என்றால் உள்ளே வெற்றிடம் விட்டுத் துண்டு துண்டாக வார்த்து ஒட்டவைப்பதுதான் வழக்கம். ஒன்று கவனியுங்கள்: சிறிய மாதிரி செய்து இயந்திரத்தால் பெரிதாக்குவது இன்று எளிது. லீ 'பிரிக் ஹவுஸ்' உருவை முழு அளவிலேயே களிமண்ணில் பிசைந்தார். எனக்கு அவர் வெண்கலத்தைவிட மண்தான் பிடிக்கும்.

ஆப்பிரிக்காவில் எத்தனையோ இனங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிவிட்டால் அது சரியா?

நியாயமான கேள்வி. வெனிஸில் அமெரிக்க அரங்கின் முன் நின்ற அவருடைய 24 அடிச் சிலை கினி நாட்டுக் கரையோர பாகா மக்களின் திம்பா முகமூடியை ஒட்டியது. அரங்குக்கு வேய்ந்த கூரையோ 1931 பாரிஸ் காலனியக் கண்காட்சியைக் குத்திக்காட்டியது. அங்கே ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கட்டடங்களைத் தங்கள் இஷ்டத்துக்குக் கலந்து கட்டினார்கள். அவர்கள் கலந்தால் குற்றம், இவர் கலந்தால் கலையா? எனக்கும் சில இடத்தில் உறுத்தும். ஆனால் எந்த ஊர், எந்த இனம் என்ற தடமே அழிக்கப்பட்டவரின் வாரிசு 'இதுதான் என் பாட்டன் ஊர் வடிவம்' என்று ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், அதுதான் பொய்யாக இருக்கும்.

'அநாமதேயம்' என்று ஒரு வெள்ளைச் சிலை. பெயர் ஏன் அப்படி?

இதற்கு ஒரு புகைப்படம் தெரிய வேண்டும். 1882, தெற்குக் கரோலினா. ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த வருடம். அவரைக் கேலி செய்ய ஜேம்ஸ் பாமர் என்ற புகைப்படக்காரர் ஒரு கறுப்பினப் பெண்ணை மேசையருகே உட்காரவைத்து, பக்கத்தில் முகம் செதுக்கிய ஜாடியில், வைல்டின் அடையாளமாகிப்போன சூரியகாந்திப் பூவைச் செருகினார். படம் விற்றது, எடுத்தவர் பெயர் நின்றது. அந்தப் பெண் யாரென்று எவரும் குறித்துவைக்கவில்லை. லீ அவளை ஆளுயரத்துக்கு மண்ணில் எழுப்பி, வெள்ளை கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, கொடுத்தார்.

அந்த ஜாடி இன்னும் பெரிய கதை. அதே மாநிலத்து எட்ஜ்ஃபீல்டு சூளைகளில் அடிமைகளாக இருந்த குயவர்கள் செய்த வகை அது. பழுப்பு உடம்பு, கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளைக் களிமண். அதே வட்டாரத்தில் டேவிட் டிரேக் என்ற அடிமைக் குயவர் இருந்தார். அடிமைகளுக்கு எழுத்து கற்பிப்பதை அந்த மாநிலம் 1834இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அவரோ ஜாடியின் தோளில் 'டேவ்' என்று கையெழுத்துப் போட்டார், ஈரடிக் கவிதை கீறினார். பச்சை மண்ணில் கீறியதைச் சூளையில் வேகவைத்த பிறகு யாரால் அழிக்க முடியும்?

சிற்பி எதற்கு இலவச மருத்துவ முகாம் நடத்தினார்?

2014இல், நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரு கறுப்பினப் பெண் மருத்துவர் வாழ்ந்த பழைய வீட்டில். கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தின் இலவச மருத்துவமனைகளும், கறுப்பினச் செவிலியரின் பழைய ரகசிய சங்கமும் முன்னுதாரணம். யோகாகூட உண்டு. அதுவும் சிற்பமா என்று கேட்டால், தாங்கி நிற்பவளைத்தானே அவர் திரும்பத் திரும்பச் செய்கிறார்.

அக்கா, அவர் பயன்படுத்தும் உப்புச் சூளையை மொட்டைமாடியில் முயன்று பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. 1200 டிகிரிக்கு மேல் சூடேறும்போது உப்பை எறிவார்கள். ஆவியான சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடியாகிப் படியும், ஆரஞ்சுத் தோல் மாதிரி. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் வரும். அந்தச் சூட்டில் நம்மூர்ச் செம்மண் பானை உருகி உட்கார்ந்துவிடும். மாடியும் போகும், பக்கத்து வீட்டுக்காரரின் நட்பும் போகும்.