சம்பவம் எப்போது கதையாகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நடந்ததை நடந்தபடி வரிசையாக எழுதுகிறேன். படித்தவர்கள் "நடை நன்றாக இருக்கிறது, கதை எங்கே?" என்கிறார்கள். என்ன குறைகிறது?

பதில்: பெரும்பாலும் குறைவது ஆசையும் தடையும். விற்றுவிட்ட வீட்டின் சாவியை ஒப்படைக்க ஒரு பெண் வருகிறாள், கொடுக்கிறாள், போகிறாள். இது சம்பவம். அம்மா எழுதிய கடிதங்கள் அந்த வீட்டு அலமாரிக்குப் பின்னால் கிடக்கின்றன. அவை அவளுக்கு வேண்டும். அப்படிக் கடிதங்கள் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. வீட்டை வாங்கியவரோ வாசலை விட்டு நகரவில்லை. இப்போது கதை தொடங்கிவிட்டது.

அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பாள்? மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள். பலரும் திணறுவது மூன்றாவதில்தான். இழக்க எதுவும் இல்லையென்றால் வாசகருக்குப் பதற்றமும் இல்லை.

கதைப்பின்னலுக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு பகுதியை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ எதுவும் கெடவில்லை என்றால் அது முழுமையின் உறுப்பே அல்ல என்றார் அரிஸ்டாட்டில். காட்சிக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கலைத்துப் போடுங்கள். எந்த வரிசையில் அடுக்கினாலும் சரியாக வருகிறதா? அப்படியானால் உங்கள் காட்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை.

கேள்வி: பாத்திரங்களின் குணத்தையும் ஊர், வீடு, நேரம் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். "அவள் பிடிவாதக்காரி" என்று எழுதினால் வாசகர் கேட்டுக்கொள்வார், நம்பமாட்டார். "சாவியை நீட்டினாள். அவர் அதைப் பற்றிக்கொண்ட பிறகும் பிடியை விடவில்லை" என்று எழுதுங்கள். பிடிவாதமும் தெரியும், தயக்கமும் தெரியும்.

களமும் அப்படித்தான். நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியம் முதற்பொருளாக, அதாவது பாட்டின் அடிப்படையாக, வைத்திருக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்ட வீடு, இருட்டப் போகும் நேரம் என்று வைத்தால் அவளுக்குத் தேட வெளிச்சம் இல்லை, களமே தடையாகிவிடுகிறது. செயலைத் தொடாத வருணனை எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள். மனசு வலிக்கத்தான் செய்யும்.

கேள்வி: தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு ஆகிய ஐந்தும் எல்லாக் கதையிலும் இருந்தே ஆக வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. அது ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-ல் ஐந்து அங்க நாடகங்களை மனத்தில் வைத்து வகுத்த அமைப்பு. சிறுகதைக்கு அதை அளவு மாற்றாமல் பொருத்தினால் முன்கதையே பாதிப் பக்கங்களை விழுங்கிவிடும். நான்கு பக்கக் கதையென்றால் முதல் இரண்டு பத்திக்குள் சிக்கல் தலைகாட்டட்டும்.

உச்சத்தை மட்டும் விட முடியாது. பாத்திரம் இனித் திரும்ப முடியாத ஒரு முடிவை எடுக்கும் இடம் அது. வீட்டை வாங்கியவர் தற்செயலாகக் கடிதங்களைக் கண்டெடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டால் அதுவரை கட்டியதெல்லாம் சரிந்துவிடும். தற்செயல் சிக்கலைத் தொடங்கி வைக்கலாம், தீர்த்து வைக்கக் கூடாது. அவளே வாய் திறந்து கேட்கட்டும். அல்லது கேட்காமலே சாவியை விடட்டும்.

கேள்வி: 'நான்' என்று சொல்வதா, 'அவள்' என்று சொல்வதா?

பதில்: இரண்டும் சரிதான். நோக்குநிலை நடுவில் நழுவுவதுதான் ஆபத்து. அவள் கண்வழியே போகும் காட்சியில் "அவருக்குள் சந்தேகம் எழுந்தது" என்று வந்தால், அது அவளுக்கு எப்படித் தெரியும்? "அவர் பார்வை அலமாரிக்குப் போய் அவளிடம் திரும்பியது" என்று மாற்றுங்கள். எழுதி முடித்ததும் 'இதை யார் பார்க்கிறார்?' என்று வரிக்கு வரி கேட்டபடி ஒருமுறை படித்தால் இந்தப் பிழைகள் அகப்பட்டுவிடும்.

கேள்வி: கதையின் கருத்தைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னால் தவறா?

பதில்: அந்த வரியை நீக்கிவிட்டு, கதையை இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். அவருக்குப் புரிந்தால் அந்த வரி தேவையில்லை. புரியவில்லை என்றால் குறை உச்சக் காட்சியில் இருக்கிறது. அங்கே போய்த் திருத்துங்கள்.