பிரஷரும் பரம்பரையும்: கேள்வி பதில்

கறுப்பினத்தவருக்கு மரபணுவிலேயே ரத்த அழுத்தம் அதிகம் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

அமெரிக்காவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ரிச்சர்ட் கூப்பர் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரையே வெவ்வேறு நாடுகளில் அளந்து பார்த்தது. உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம், கரீபியனில் 26, அமெரிக்காவில் 33. பூர்வீகம் ஒன்றுதான், உப்பு, உடல் எடை, வாழ்க்கை நெருக்கடி எல்லாம் வேறு. 2003-ல் வந்த இன்னோர் ஆய்வில், 35 முதல் 64 வயதுள்ள ஜெர்மானியர்களில் 55 சதவீதம் பேருக்கு இருந்தது. அதை வைத்து ஜெர்மானிய ரத்தத்திலேயே கோளாறு என்று யாராவது சொன்னார்களா?

அடிமைக் கப்பல்களில் உப்பைத் தக்கவைக்கும் உடல்வாகு உள்ளவர்களே பிழைத்தார்கள், அதனால்தான் இது என்று படித்தேனே?

கேட்க நன்றாக இருக்கும் கதை. வரலாற்றாசிரியர் பிலிப் கர்ட்டின் 1992-லேயே, அதற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று காட்டிவிட்டார்.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் பரவலாக உண்டு. ஆப்பிரிக்காவில் ஈ கடித்துப் பரவும் தூக்க நோய்க் கிருமியின் ஒரு வகையிலிருந்து அவை காப்பதால் நிலைத்துவிட்டன. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு கூடுகிறது. கறுப்பின அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்கள். இது 2010-ல் தெரிய வந்தது. அதுவரை பிரஷரால் சிறுநீரகம் போனது என்று எழுதி வைத்த பலருக்கு, முதலில் கெட்டது சிறுநீரகமாகவும், அதனால் ஏறியது பிரஷராகவும் இருந்திருக்கலாம்.

லண்டனில் இருக்கிறேன், வயது 45. பிரஷருக்கு எனக்கு ராமிப்ரில் மாத்திரை, ஜமைக்கா நண்பருக்கு அம்லோடிபின். ஏன் இந்த வித்தியாசம்?

பிரிட்டன் வழிகாட்டுதல் அப்படி. ரெனின் என்பது ரத்த அழுத்தத்தை ஏற்றச் சிறுநீரகம் சுரக்கும் பொருள்; ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினரில் அது குறைவாக இருப்பவர்கள் அதிகம். ரெனின் தொடங்கிவைக்கும் வேலையைத் தடுப்பதுதான் ராமிப்ரில் வகை மாத்திரை, அதனால் அதைத் தனியாகக் கொடுத்தால் அவர்களுக்குச் சராசரியாகக் குறைவாகவே வேலை செய்யும். சராசரி என்பதை மறக்க வேண்டாம். உங்கள் நண்பரின் ரெனினை யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். தோல் நிறத்தை வைத்து மாத்திரை முடிவாவது எனக்கு உவப்பில்லை, ஆனாலும் இப்போதைக்கு நடைமுறை இதுதான். உங்களுக்கு வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வகை மாத்திரையில் அது சகஜம்.

பீர் குடித்ததும் முகம் சிவக்கும் சீன நண்பர்களுக்கு பிரஷர் வருமா?

சிவப்பதற்குக் காரணம் ஏஎல்டிஎச்2 மரபணு மாற்றம். அது உள்ளவர்கள் குடியைத் தாங்க முடியாமல் குறைவாகக் குடிப்பார்கள். அதனாலேயே அவர்களின் ரத்த அழுத்தமும் சராசரியாகக் குறைவு. மது பிரஷரை ஏற்றும் என்பதற்கு இதுவே நல்ல சாட்சி. சிவந்த முகத்தோடு விடாமல் குடிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்பா, அம்மா இருவருக்கும் பிரஷர். மரபணு சோதனை செய்து பார்க்கலாமா?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. 2018-ல் பத்து லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 901 மரபணு இடங்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆராயப்பட்டவர்களும் ஐரோப்பிய வம்சாவளியினர், நமக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் இளம் வயதிலேயே பிரஷர் ஏறி, ரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்திருந்தால் விடாதீர்கள். லிடில் நோய்க்குறி போன்ற ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கலாம், அதற்கு மாத்திரையே வேறு.