மருந்துக் கிடங்கு மென்பொருள்: பயனர்களிடம் என்ன கேட்பது?

மருந்துக் கிடங்குக்கான புதிய மென்பொருளுக்குத் தேவைப் பட்டியல் எழுதுகிறீர்கள்; கிடங்கு வேலை தெரிந்திருந்தும், பயனர்களிடம் கேட்டால் "பழையது மாதிரியே வேணும்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை என்கிறீர்கள். "என்ன வேண்டும்" என்று கேட்டால் அப்படித்தான் வரும். உங்களுக்குத்தான் துறை தெரியுமே, விதிவிலக்குகளைக் கேளுங்கள். காலாவதி முந்தும் பேட்ச் (ஒரே தடவையில் தயாரான மருந்துத் தொகுதி) முதலில் போக வேண்டும், சரி. தயாரிப்பாளரே அந்த பேட்சைத் திரும்பக் கேட்டால் அனுப்புவதை யார் நிறுத்துவார்கள்? ஏற்கெனவே போனதை எப்படித் தேடுவார்கள்? பிரித்த பெட்டி திரும்பி வந்தால் இருப்பில் ஏறுமா, ஏறாதா? அப்புறம், அவர்கள் தனியாக வைத்திருக்கும் எக்செல் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். பழைய மென்பொருள் செய்யாத வேலையெல்லாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பதில் தெரியும் என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். உங்கள் ஊகத்தை ஊகம் என்றே குறித்து, கிடங்குப் பொறுப்பாளர் சரி சொன்ன பிறகு பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.