புரோஜெஸ்டிரோன் ஏறியிருக்கு, புலி சினையா?

தம்பி, இணைசேர்ந்து 38 நாளான பெண்புலியோட எச்சத்துல, சினையத் தாங்குற ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் இன்னும் ஏறியே இருக்குன்னும், சினைன்னு ரிப்போர்ட்டுல எழுதலாமான்னும் கேட்டிருக்கீங்க. இப்போதைக்கு எழுதாதீங்க.

பூனைக் குடும்பத்துல பெரும்பாலும் இணைசேர்ந்த பிறகுதான் முட்டை வெளிவரும். கரு தங்காட்டியும் புரோஜெஸ்டிரோன் ஏறும், அதுதான் பொய்ச்சினை. ஆரம்பத்துல நிஜச் சினைக்கும் பொய்ச்சினைக்கும் ஹார்மோன் வரைபடக் கோடு ஒரே மாதிரிதான் போகும். புலிக்குச் சினைக்காலம் நூறு நாளுக்குச் சற்று மேல. பொய்ச்சினையில ஏறத்தாழ அதுல பாதிக்குள்ள இறங்கிரும். அதனால 70 நாள் வரைக்கும் விடாம எச்ச மாதிரி எடுங்க. அதுக்குப் பிறகும் இறங்கலன்னா நம்பலாம். கடைசி மூணுல ஒரு பங்குக் காலத்துல எச்சத்துல பிஜிஎஃப்எம் (புரோஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள் உடம்புல சிதைஞ்சு வர்றது) அளவு ஏறுதான்னும் பார்க்கலாம். லேப்ல வசதி இருக்கான்னு கைடுகிட்ட கேளுங்க.

எனக்குப் பெரிய கவலை, நீங்க எச்சத்த வச்சிருக்கிற உங்க பாளையங்கோட்டை ரூம் ஃபிரிட்ஜ்தான்! கரண்ட் போயி உருகி மறுபடி உறைஞ்ச எச்சத்துல பாக்டீரியா ஹார்மோன மாத்திரும். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். அதையெல்லாம் தனியா குறிச்சு வச்சிருங்க, நல்லதோட கலக்காதீங்க. இனிமே எடுக்கிறத அன்னைக்கே காலேஜ் டீப் ஃப்ரீசர்ல, மைனஸ் 20-ல வச்சிருங்க. எச்சத்துல ஹார்மோன் சமமா பரவியிருக்காது. நாலஞ்சு இடத்துல எடுத்துப் பிசைஞ்சு, உலர்த்தி, உலர்ந்த கிராமுக்குக் கணக்கு போடணும்.

மூத்திரத்துக்காக அலையாதீங்க. பூனையினத்துல புரோஜெஸ்டிரோன் மாதிரி ஸ்டீராய்டு ஹார்மோன் பெரும்பாலும் எச்சத்துலதான் வெளியேறும். கூண்டுல ரெண்டு புலி இருந்தா, எது யாரோட எச்சம்னு தெரிய ஒண்ணோட கறியில மட்டும் உணவுச் சாயம் கலக்கச் சொல்லுங்க.